டெக்கீலா டேஸ்ட்டிங்: சுவை மாறும், கணக்கு மாறாது

1/
போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி நண்பன் வீட்டில் டெக்கீலா "டேஸ்ட்டிங்". ஆட்கள் ரெண்டே பேர், அவனும் நானும். எட்டு மணிக்கு உட்கார்ந்தோம். பன்னிரண்டு மணிக்கு ஒரு மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் நின்றோம்.

அவன் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாதடா"ன்னுட்டான். கொஞ்சம் நீளமான இழைதான். வீட்டில் சுகர் மாத்திரை போடுபவர் யாராவது இருந்தால், பொறுமையாகக் கடைசி வரை படிச்சிடுங்க.

2/
முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று நானும் குடித்தேன். "டாக்டரே குடிக்கிறார், ஊருக்கு உபதேசமா?" என்று ஸ்க்ரீன்ஷாட் எடுப்பவர்கள் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். நான் குடித்ததை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொன்னால் பாதிப் பாடம் போய்விடும்.

3/
நண்பனைப் பற்றி. மதுரையில் பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாகப் படித்தவன். ஐடி வேலை. மூன்று வருஷம் மெக்சிகோவில், குவாதலஹாரா நகரத்தில் இருந்துவிட்டு இப்போதுதான் சென்னைக்குத் திரும்பினான். வரும்போது மூன்று பாட்டில். "மாப்ள, உப்பு நக்கி எலுமிச்சங்காயைக் கடிச்சு ஒரே மடக்குல குடிக்கிறதெல்லாம் டெக்கீலாவே இல்லடா. வா, எப்படிக் குடிக்கணும்னு சொல்லித் தரேன்" என்று கூப்பிட்டான்.

வயது 46. ஆறு வருஷமாகச் சுகர். இது எனக்குத் தெரியும். என்ன மாத்திரை சாப்பிடுகிறான் என்று மட்டும் நான் கேட்டதே இல்லை.

4/
அவன் சொல்லித் தந்ததையும் சொல்லணும். உண்மையிலேயே சுவாரசியமான விஷயம்.

டெக்கீலா என்பது ஒரு ஊரின் பெயர். குவாதலஹாராவிலிருந்து ஒரு மணி நேரப் பயண தூரம். நீல அகாவே என்ற செடியிலிருந்து காய்ச்சுகிறார்கள். நம்ம ஊரில் தண்டவாள ஓரத்தில் முள் முள்ளாக நிற்கும் ரயில் கற்றாழை இருக்கே, அதற்குச் சொந்தக்காரச் செடி. விளைய ஏழு, எட்டு வருஷம் ஆகும். "ஹிமடோர்" எனப்படும் தொழிலாளி, நீளக் கம்பில் வட்டக் கத்தி பொருத்திய கருவியால் இலைகளைச் சீவி எடுப்பார். நடுவில் மிஞ்சுவது பெரிய அன்னாசிப்பழம் மாதிரியான ஒரு உருண்டை. அதன் பெயரே "பின்யா", ஸ்பானிஷில் அன்னாசி.

அதை அடுப்பில் வேகவைத்து, நசுக்கிச் சாறெடுத்து, புளிக்கவைத்து, குறைந்தது ரெண்டு தடவை காய்ச்சி வடித்தால் டெக்கீலா.

5/
1974லிருந்து இதற்குப் புவிசார் பெயர்ப் பாதுகாப்பு உண்டு. ஹலிஸ்கோ மாநிலத்திலும், இன்னும் நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் தயாரித்தால் மட்டுமே "டெக்கீலா" என்று லேபிள் ஒட்டலாம். அந்த அகாவே வயல்களை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

மூன்று பாட்டிலும் மூன்று வகை. பீப்பாயில் வைக்காத, அல்லது ரெண்டு மாசத்துக்குள் எடுத்துவிடும் தெளிவான பிளாங்கோ. ஓக் பீப்பாயில் ரெண்டு மாசத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் இருக்கும் ரெபோசாதோ. ஒரு வருஷத்திலிருந்து மூன்று வருஷத்துக்குள் ஊறும் அன்யேஹோ.

6/
பிளாங்கோவில் பச்சை வாசனையும் மிளகு மாதிரி ஒரு காரமும். ரெபோசாதோவில் லேசாக வெனிலா. அன்யேஹோ கிட்டத்தட்ட விஸ்கி பக்கம் போய்விட்டது. வாயைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு முகர வேண்டும், சின்னச் சின்ன வாயாக உறிஞ்ச வேண்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் தண்ணீர். பையன் ஒழுங்காகத்தான் பாடம் எடுத்தான்.

சத்தம் இல்லை, சண்டை இல்லை, வாந்தி இல்லை. பார்த்தால் ஏதோ இசைக் கச்சேரி கேட்க உட்கார்ந்த மாதிரி. "குடி" என்ற சொல்லே அந்த அறைக்குப் பொருந்தவில்லை. அங்கேதான் ரெண்டு பேருமே ஏமாந்தோம்.

7/
நடுவில் கேட்டேன்: "சுகர் இருக்கேடா, பரவாயில்லையா?"

அவன்: "டேய் டாக்டர், இது 100 சதவீதம் அகாவே. சுகரே கிடையாது. அகாவே சுகரைக் குறைக்கும்னு ஆராய்ச்சியே வந்திருக்கு, உனக்குத் தெரியாதா?"

நான் சிரித்துவிட்டு அடுத்த கிளாஸை நீட்டினேன். அங்கேயே நிறுத்தி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டிய டாக்டர், அன்று விருந்தாளியாக மட்டும் இருந்தான்.

8/
மணி பதினொன்று இருக்கும். பேச்சு குழற ஆரம்பித்தது. சொன்னதையே திரும்பச் சொன்னான். கிளாஸைக் கீழே வைக்கும்போது கை நடுங்கியது. அவன் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "ஏறிடுச்சு போலண்ணே. படுக்க வச்சிடுங்க, காலைல சரியாகிடும்" என்றார்.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கைத்தாங்கலாகத் தூக்கும்போதுதான் கவனித்தேன், சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஏசி ஓடுகிற அறையில் அப்படி ஒரு வியர்வை. நெற்றியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது.

"தங்கச்சி, குளுக்கோமீட்டர் இருக்காம்மா?"

9/
52.

நூற்றைம்பது, இருநூறு என்றெல்லாம் பார்த்துப் பழகிய வீடு அது. "மெஷின் ரிப்பேரா இருக்கும்ணே" என்றார் அவர். மெஷின் சரியாகத்தான் இருந்தது. 70க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் மூளைக்கு உணவு பற்றாக்குறை என்று அர்த்தம்.

அவனுக்கு நினைவு இருந்தது, விழுங்க முடிந்தது. மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வைத்தோம். பதினைந்து நிமிஷம் கழித்து 66. மறுபடி சர்க்கரைத் தண்ணீர். அடுத்து 88. பேச்சு தெளிந்தது. தயிர் சாதம் கொடுக்கச் சொன்னேன்.

10/
அப்புறம்தான் கேட்டேன், என்ன மாத்திரை என்று. கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது, காலை ஒன்று, ராத்திரி ஒன்று, சாப்பாட்டுக்கு முன்.

ராத்திரி மாத்திரையை ஏழரைக்கே போட்டுவிட்டான். சாப்பாட்டை "டேஸ்ட்டிங் முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவிட்டான். மதியமும் வெறும் சாலட். "ராத்திரி லிக்விட் கலோரி இருக்குல்ல, அதான் பேலன்ஸ் பண்ணேன்" என்றான். தொட்டுக்க வைத்திருந்தது வெள்ளரித் துண்டும் கொஞ்சம் கடலையும்.

சாப்பாட்டுக்கு முன் போட வேண்டிய மாத்திரையைப் போட்டாச்சு. சாப்பாடு வரவே இல்லை. அதற்குப் பதில் டெக்கீலா வந்தது.

11/
உடம்பில் என்ன நடந்தது என்று எளிமையாகச் சொல்கிறேன்.

நம் கல்லீரல் ஒரு கிட்டங்கி மாதிரி. சாப்பிடாத நேரத்தில் தன்னிடம் இருக்கும் சர்க்கரை இருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்துக்கு விடும். இருப்பு குறையக் குறையப் புதிதாகச் சர்க்கரை தயாரித்தும் தரும். நாம் எட்டு மணி நேரம் தூங்கியும் மயங்காமல் எழுவது இந்த வேலையால்தான்.

ஆல்கஹால் உள்ளே வந்ததும், கல்லீரல் அதை அப்புறப்படுத்துவதில் இறங்கிவிடும். அந்த வேலை நடக்கும்வரை புதிய சர்க்கரைத் தயாரிப்பு முடங்கிப்போகும். மதியமும் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் கிட்டங்கியில் இருப்பும் கம்மி.

12/
இன்னொரு பக்கம் கிளிமிபிரைடு. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பதுதான் அதன் வேலை. "ஐயா இன்னைக்குச் சாப்பிடலை, நாமளும் லீவு எடுத்துப்போம்" என்று அதற்குத் தெரியாது.

ஆக, ரத்தத்திலிருந்து சர்க்கரையை வெளியேற்றும் கதவு அகலத் திறந்திருக்கு. உள்ளே கொண்டுவரும் கதவு ரெண்டும் மூடியிருக்கு. 52 வந்ததில் ஆச்சரியமே இல்லை.

இதில் இருக்கும் கொடுமை, தாழ்சர்க்கரையும் போதையும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். குழறல், தள்ளாட்டம், உளறல், தூக்கம். பக்கத்தில் இருப்பவர்கள் "போதை, தூங்கட்டும்" என்று போர்வை போர்த்திவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தூக்கத்திலிருந்து எழாமல் போனவர்கள் உண்டு.

13/
88 வந்ததும் நிம்மதியாகப் படுத்திருக்கலாமே, ஏன் மருத்துவமனை?

ரெண்டு காரணம். ஒன்று, இந்த வகை மாத்திரையின் வேலை பல மணி நேரம் நீடிக்கும். ஆல்கஹாலும் இன்னும் உள்ளே இருக்கு. சர்க்கரை மறுபடி விழும். ரெண்டாவது காரணத்தைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கு. நானும் ரெண்டு கிளாஸ் உள்ளே போட்டவன். அந்த நேரத்தில் என் மருத்துவ முடிவை நானே நம்பக் கூடாது. "நான்தான் டாக்டர், நானே பார்த்துக்கிறேன்" என்று சொல்ல எனக்கு அன்று தகுதி இல்லை. என்னால் காரும் ஓட்ட முடியாது. கேப் பிடித்துப் போனோம்.

14/
கேஷுவாலிட்டியில் ஒரு இளம் டாக்டர். பொறுமையாக எல்லாம் விசாரித்தார்.

"குடிச்சீங்களா சார்?"

"இல்ல டாக்டர், லைட்டா ஒரு டேஸ்ட்டிங்தான்."

அவர் எழுதிக்கொண்டார். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். இருபது வருஷமாக நோயாளிகள் என்னிடம் சொல்லும் பதிலை, முதல் தடவையாக மேஜையின் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டேன். அவன் பொய் சொல்லவில்லை. அவன் கணக்கில் அது உண்மையிலேயே "லைட்டா".

15/
குளுக்கோஸ் டிரிப் போட்டு, மணிக்கொரு தடவை சோதித்தார்கள். மூணு மணிக்கு மறுபடி 68க்கு இறங்கி, மேலே கொண்டுவரப்பட்டது. வீட்டில் தூங்கியிருந்தால் அந்த மூணு மணியை யார் பார்த்திருப்பார்கள்? மறுநாள் மதியம் நல்லபடியாக வீடு திரும்பினான்.

16/
அன்று சாயங்காலம் ஒரு பரிசோதனை செய்தோம். அதே கிளாஸ், அதே பாட்டில் அளவு, உள்ளே தண்ணீர். "நேத்து ஊத்தின மாதிரியே ஊத்து" என்றேன். ஊற்றினான்.

"எவ்வளவு இருக்கும்னு நினைக்கிற?"

"ஒரு 20 மில்லி இருக்கும்."

குழந்தையின் காய்ச்சல் சிரப்போடு வரும் அளவு மூடியை எடுத்து அளந்தேன். 40 மில்லி. ரெண்டாவது கிளாஸும் அப்படியே.

17/
இப்போது கணக்குப் போடுவோம்.

மூன்று வகைக்கு மூன்று கிளாஸ். கடைசியில் "எது பெஸ்ட்னு ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்ப்போம்" என்று இன்னொன்று. நாலு கிளாஸ், 160 மில்லி. 40 சதவீத ஆல்கஹால் என்றால் 64 மில்லி சுத்த ஆல்கஹால். எடையில் சுமார் 50 கிராம்.

நம்ம ஊர் கணக்கில் ரெண்டரை லார்ஜுக்கு மேல். கல்லீரல் ஒரு மணி நேரத்தில் சுமாராக 7 முதல் 10 கிராம்வரைதான் அப்புறப்படுத்தும். அதாவது 50 கிராம் வெளியேற ஐந்து மணி நேரத்திலிருந்து ஏழு மணி நேரம். கலோரி சுமார் 350, ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பக்கத்தில். சத்து மட்டும் பூஜ்யம்.

"டேஸ்ட்டிங்"ன்னு பேர் வச்சதால் இதில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

18/
இதுதான் நான் சொல்ல வருவது. பாரில் குடித்தால் பெக் அளவு இருக்கு, கடைசியில் பில் இருக்கு, மூடும் நேரம் இருக்கு. வீட்டில் இது மூன்றும் கிடையாது. ஊற்றுபவன் நண்பன், ஊற்றுவது அன்பு. அன்புக்கு அளவு மூடி கிடையாது.

அதோடு விலை உயர்ந்த பாட்டில், நல்ல கண்ணாடி, ரசனையான பேச்சு எல்லாம் சேரும்போது "நாம குடிகாரன் இல்லை, ரசிகன்" என்று ஒரு எண்ணம் வரும். மனசு ரசிகனாக இருக்கலாம். கல்லீரலுக்கு ரசனை தெரியாது. அதற்குத் தெரிந்தது கிராம் கணக்கு மட்டும்.

19/
அடுத்து அந்த "அகாவே சுகரைக் குறைக்கும்" கதை.

2014இல் மெக்சிகோ ஆராய்ச்சியாளர்கள், அகாவே செடியில் இருக்கும் "அகாவின்" என்ற ஒரு வகைச் சர்க்கரைச் சங்கிலி எலிகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைத்ததாக ஒரு மாநாட்டில் சொன்னார்கள். நன்றாகக் கவனியுங்கள்: எலி, செடியின் சத்து. பாட்டில் அல்ல. டெக்கீலா தயாரிக்கும்போது அந்தச் சங்கிலிகள் வேகவைத்ததில் உடைந்து, புளித்து, ஆல்கஹாலாக மாறிவிடுகின்றன. அதிலிருந்துதான் போதையே வருகிறது.

செய்தித் தலைப்பில் "டெக்கீலா சர்க்கரை நோய்க்கு நல்லது" என்று மாறி, வாட்ஸப்பில் சுற்றி, கடைசியில் என் நண்பன் வாயில் வந்து நின்றது.

20/
"100 சதவீதம் அகாவே" என்ற லேபிளுக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை. அது இல்லாத சாதாரண டெக்கீலாவில் குறைந்தது 51 சதவீதம் அகாவே சர்க்கரை இருந்தால் போதும், மீதி கரும்புச் சர்க்கரை மாதிரி வேறு எதுவாகவும் இருக்கலாம். எதிலிருந்து காய்ச்சினார்கள் என்பதைத்தான் லேபிள் சொல்கிறது. சுவைக்கு அது முக்கியம். ரெண்டிலும் ஆல்கஹால் ஒன்றே.

டெக்கீலாவில் சர்க்கரை கிடையாது என்பது பெரும்பாலும் உண்மைதான். அன்று அவனுக்கு ஆபத்து வந்ததும் சர்க்கரை இல்லாததால்தான்!

21/
கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியவை:

கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின்: இவற்றோடு மது சேர்ந்தால் தாழ்சர்க்கரை ஆபத்து, அதுவும் வெறும் வயிற்றில்.
மெட்ஃபார்மின் மட்டும் என்றாலும், அதிகக் குடி ரத்தத்தில் அமிலத்தை ஏற்றும்.
டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு அதிகக் குடியும் பட்டினியும் சேர்ந்தால் கீட்டோன் ஆபத்து.
தூக்க மாத்திரை, வலிப்பு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எடுப்பவர்கள் உங்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே வேண்டாம்.

"அப்போ இன்னைக்கு மாத்திரையை விட்டுட்டுக் குடிக்கிறேன்" என்று கிளம்பாதீர்கள். அது இன்னொரு முட்டாள்தனம்.

22/
யாராவது குடித்துவிட்டுக் குழறினால், வியர்த்தால், சுகர் நோயாளி என்று தெரிந்தால், முதலில் சுகர் பாருங்கள். மெஷின் இல்லையா? விழுங்க முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிடுங்கள். போதையாக இருந்தாலும் மூன்று ஸ்பூன் சர்க்கரையால் பெரிய கெடுதல் இல்லை. தாழ்சர்க்கரையாக இருந்தால் அது உயிரைக் காப்பாற்றும். கொஞ்சம் தெளிந்ததும் சாப்பாடு கொடுத்து, அன்றே மருத்துவமனைக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

நினைவு இல்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்கு அழையுங்கள். காபி, மோர், எலுமிச்சை ஜூஸ், தலையில் தண்ணீர், எதுவும் ஆல்கஹாலை வெளியேற்றாது.

23/
சக மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை, எனக்கும் சேர்த்துத்தான். "குடிப்பீங்களா?" என்று நாம் கேட்கும் தொனியிலேயே "இல்லைன்னு சொல்லிடு" என்ற மிரட்டல் இருக்கு. நோயாளி "எப்பவாவது சார்" என்பார், நாமும் எழுதிக்கொண்டு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவோம். என் நண்பனின் டாக்டருக்கும் அவன் குடிப்பான் என்று தெரியாது. திட்டுவார் என்று பயந்து சொல்லவே இல்லையாம். தெரிந்திருந்தால் வேறு மாத்திரை யோசித்திருப்பார், குறைந்தபட்சம் எச்சரித்திருப்பார்.

வாரத்துக்கு எத்தனை நாள், என்ன குடிப்பீங்க, எத்தனை மில்லி, கூடச் சாப்பிடுவீங்களா என்று சாதாரணமாகக் கேட்போம். திட்டுவதைவிட இந்த நாலு கேள்விதான் அதிக உயிர்களைக் காப்பாற்றும்.

24/
"அப்போ அளவோடு குடிக்கலாம்னு சொல்றீங்களா டாக்டர்?" இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988லேயே மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் மறுபடி சொன்னது. குடிக்காதவர் புதிதாக ஆரம்பிக்க ஒரு மருத்துவக் காரணமும் கிடையாது. சுகர் மாத்திரை எடுப்பவர் விட்டுவிடுவதே நல்லது.

ஆனால் எல்லோரும் நாளைக்கே நிறுத்திவிடப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நிறுத்தாதவரும் உயிரோடு இருந்தால்தானே நாளைக்கு நிறுத்த முடியும்?

25/
எனவே விருந்துக்கு அழைப்பவர்கள் பாட்டிலைத் திறக்கும் முன் மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன மாத்திரை சாப்பிடுற? வயிறு நிறையச் சாப்பிட்டியா? வீட்டுக்கு எப்படிப் போவ? ஊற்றும்போது அளந்து ஊற்றுங்கள். இதையெல்லாம் கேட்பதால் நட்பு கெட்டுவிடாது. நான் கேட்காததால் என் நட்பு கிட்டத்தட்ட முடிந்திருக்கும்.

மீதி பாட்டில்களை என்ன செய்தான் என்று கேட்பீர்கள். ஷோகேஸில் இருக்கு. பக்கத்திலேயே அந்தச் சிரப் மூடியையும் வைத்திருக்கிறான். "ஞாபகத்துக்குடா" என்கிறான்.

அவன் மாத்திரையை அவனுடைய டாக்டர் மாற்றிவிட்டார். இந்த முறை உண்மையைச் சொன்னானாம். திட்டு விழுந்ததா என்று கேட்டேன். "இல்லடா, எத்தனை மில்லின்னு மட்டும் கேட்டார்" என்றான்.